வாசற்படிக்குள் தனி அரசா?

பொதட்டூர்பேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த ஊருக்குத் தறியோசைதான் மூச்சு. நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடுகிற ஓசை தெருவெல்லாம் நிறைந்திருக்கும். அந்த ஓசைக்குப் பழகிய காதுக்கு வேறு ஓசை எளிதில் எட்டுவதில்லை. அடுத்த வீட்டில் ஒரு தாய் விம்மினால் கேட்பதில்லை. தப்பித் தவறிக் கேட்டுவிட்டாலும், "அது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கேன்?" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டுகிறோம்.

வீட்டு விவகாரம்! இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம், தோழர்களே. இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எத்தனை தாய்மார்களின் கண்ணீர், எத்தனை முதியவர்களின் பட்டினி மறைக்கப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பேசுகிறோம்.

ஓர் அம்மையாரை மனத்திலே நிறுத்துங்கள். பெயர் வேண்டாம். இது ஒருவர் கதை அல்ல, பலர் கதையைச் சேர்த்து நாம் தீட்டிய படம். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்ததே, அன்று அவருக்குப் பத்து வயது. எல்லைக்காகப் பெரியவர்கள் போராடியதைத் திண்ணையிலே உட்கார்ந்து கேட்டவர். பள்ளிக்குப் போக வேண்டிய கை, தார் சுற்றிற்று. பிறகு திருமணம். கூலி வாங்கிய நாளில் கணவன் குடித்துவிட்டு வருவான், அடிப்பான். "கட்டியவன் அடித்தால் என்ன, ஊரான் அடித்தானா?" என்றது ஊர். அவரும் அப்படியே நம்பினார். இரண்டு பிள்ளைகள். மூலையில் நின்று அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

கணவன் மறைந்தான். ஓட்டு வீடு அம்மையார் பெயருக்கு வந்தது. "எங்களை விட்டால் உனக்கு யாரம்மா இருக்கிறார்கள்?" என்றான் மூத்தவன். தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் மை உலர்ந்தது, மகன் பேச்சிலே ஈரமும் உலர்ந்தது! "அம்மா" என்றவன் "கிழவி" என்றான். சோறு நேரம் தவறிற்று. உதவித்தொகைப் புத்தகம் மகன் பெட்டிக்குள் போயிற்று. ஒரு நாள் கை ஓங்கிற்று. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள், "என்னம்மா, கன்னம் வீங்கியிருக்கிறதே?" அம்மையார் சொன்னார், "கதவிலே இடித்துக்கொண்டேன்."

கதவு இடிக்கவில்லை, தோழர்களே! கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான்.

மேடையிலே குறளை முழங்குகிறோம். தாயைத் தெய்வம் என்கிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கித் திருத்தணி மலையின் 365 படிகளை மூச்சு வாங்க ஏறுகிறவர்களைக் காண்கிறோம். அவர்களில் எத்தனை பேர், வீட்டுத் திண்ணையிலே கிடக்கும் தாயின் பக்கம் மூன்று அடி எடுத்து வைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டிருப்பார்கள்? முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், எண்ணிப் பார்க்கலாம்.

"காலம் கெட்டுவிட்டது" என்பார் ஒருவர். "மருமகள் வந்த வேளை" என்பார் இன்னொருவர். காலத்தின் மீதும் மருமகளின் மீதும் பழியைப் போட்டுவிட்டால், தன் மீது பழி இல்லை பாருங்கள்! ஆனால் உண்மையை அறிய விரும்புகிறவர்கள் பழி போடுவதில்லை. எண்ணுகிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், ஏடும் எழுதுகோலும் ஏந்தி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.

சமூகப்பணி என்று ஒரு படிப்பு இருக்கிறது. சென்னையிலே அதற்கென்று ஒரு பள்ளி, மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் தோன்றியது. ஏழைக்கு உதவுவது எப்படி, சிறுவரைக் காப்பது எப்படி என்று பாடம் சொல்லும் படிப்பு அது. அந்தத் துறையினர் பின்னாளில் இன்னும் ஒரு கேள்வி கேட்டார்கள்: வீட்டுக்குள்ளே நடக்கும் வன்முறையை அளக்க முடியுமா?

உலகம் இந்தக் கேள்வியைக் கேட்டதே அண்மையில்தான். 1975-இல் இங்கிலாந்தின் மருத்துவ ஏடு ஒன்றில், பாட்டிமார் வீட்டிலே அடிக்கப்படுகிறார்கள் என்று ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். அதற்கு முன் அந்தக் கொடுமைக்கு ஒரு பெயர்கூட இல்லை. அதே ஆண்டில் அமெரிக்காவிலே மரி ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் 2,143 குடும்பங்களிடம் வீட்டு வன்முறையைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் பாடம். "உங்கள் வீட்டில் கொடுமை நடக்கிறதா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்? ஆகவே ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சென்ற ஓராண்டில் எத்தனை முறை உங்களைத் தள்ளினார்கள்? எத்தனை முறை அறைந்தார்கள்? எத்தனை முறை பொருளை வீசினார்கள்? பெரிய சொல்லுக்கு வெட்கப்பட்டு மௌனமாகும் வாய், சிறிய கேள்விக்குத் திறந்துவிடும். இன்னொன்றையும் இத்துறையினர் கற்றுக்கொண்டார்கள். மகன் பக்கத்தில் நிற்கும்போது தாயிடம் கேட்கக் கூடாது, தனியே அமர்த்தித்தான் கேட்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலே அப்படிக் கேட்டவர் ஒருவர் உண்டு. சீனிவாசன் சொக்கநாதன் என்னும் சமூகப்பணி ஆய்வாளர், ஆலெக்ஸ் லீ என்பவரோடு சேர்ந்து, சென்னை மாநகரில் 65 வயதைக் கடந்த 400 முதியோரிடம் கேட்டறிந்து, 2005-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நினைவு தடுமாறாத, தெளிவான முதியவர்கள் அவர்கள். முடிவு என்ன? நூற்றுக்கு 14 பேர் கொடுமைக்கு ஆளானவர்கள். நானூறு பேரில் 56 பேர்! பின்னர்த் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 900-க்கு மேற்பட்ட முதியோரிடம் கேட்டு 2014-இல் அவர் வெளியிட்ட ஆய்விலே, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். "பட்டணத்தில்தான் பாசம் இல்லை, கிராமத்தில் பாசம் பாலாக ஓடுகிறது" என்று கதை பேசுகிறோமே, அந்தக் கதையைக் கணக்கு கேலி செய்கிறது.

நமக்கு மட்டும் வந்த நோய் என்றும் எண்ணிவிட வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கு, உலகில் 60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது. ஊருக்கு ஊர் மொழி மாறுகிறது, உடை மாறுகிறது, உணவு மாறுகிறது. ஓங்கும் கை மாறவில்லை.

சென்னை ஆய்வு சொல்லும் செய்திகளை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.

முதற் செய்தி: மிகுதியாக நடப்பது அடி அல்ல, சொல். ஓயாத ஏச்சு. "இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருப்பாய்?" என்னும் வகைச் சொல். அடுத்து வருவது பணத்தையும் சொத்தையும் பறிப்பது. அதன் பிறகுதான் அடியும், சோறு தண்ணீர் பாராமல் கைவிடுவதும். "நான் என் தாயை அடித்ததே இல்லை" என்று மார்தட்டும் தோழர், நாக்கால் அடித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் செய்தி: ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக ஆளாகிறார்கள். ஏன்? ஆயுளெல்லாம் உழைத்தும், கூலி தன் கைக்கு வராதவள் அவள். தார் சுற்றியதற்கு யார் கூலி எழுதினார்கள்? அது "வீட்டு வேலை" ஆயிற்றே!

மூன்றாம் செய்தி: கொடுமை செய்பவர் யார்? பெற்ற மக்கள், மருமகள், மருமகன், இவர்களோடு வாழ்க்கைத் துணையும். ஆம், வாழ்க்கைத் துணை! எழுபது வயதிலும் மனைவியை அடிக்கும் கணவன் உண்டு. அதை முதுமையில் வந்த நோய் என்று சொல்ல முடியுமா? இருபது வயதில் ஓங்கிய கை எழுபதிலும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்து இருக்கிறது. மனைவியை அடிப்பது ஒரு குற்றம், தாயை வதைப்பது வேறொரு குற்றம் என்று பிரித்துப் பேசுகிறோம். இரண்டும் ஒரே பாவில் ஓடிய ஊடை, தோழர்களே! கையில் காசு இல்லாதவளை, பெயரில் சொத்து இல்லாதவளை, எதிர்த்துப் பேச முடியாதவளை அடிக்கலாம், கேட்பார் இல்லை என்பதுதான் அந்தப் பாவு. தந்தை தாயை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படியே ஆகிவிடுவதில்லை. ஆனால் வலியவன் கை ஓங்கலாம், மெலிந்தவள் பொறுக்க வேண்டும், ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்னும் பாடத்தை அந்த வீடு நாள்தோறும் நடத்துகிறது. தந்தையிடம் கற்ற பாடத்தைத் தாயிடமே ஒப்புவிக்கிறான் மகன்!

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறையைக் கண்டவர்கள் என்று வந்தது. வெட்கப்பட வேண்டிய கணக்கு! அதற்குள்ளே இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கேள்வியை 18 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம்தான் கேட்கிறார்கள். ஐம்பதாவது பிறந்த நாளில் அடி நின்றுவிடுகிறதா? நிற்கவில்லை. எண்ணுவதுதான் நின்றுவிடுகிறது. எண்ணப்படாத துன்பத்துக்குத் திட்டம் யார் தீட்டுவார்? பணம் யார் ஒதுக்குவார்? சென்னைத் தெருக்களிலும் சிற்றூர்களிலும் கதவைத் தட்டிய ஆய்வாளர்களின் பணி ஏன் பெரியது என்பது இப்போது விளங்கும்.

மருமகளைப் பற்றிக் கேட்பீர்கள். பட்டியலில் அவளும் இருக்கிறாள், மறைக்கவில்லை. பொழுது விடிந்தால் தறியடியில், பொழுது சாய்ந்தால் அடுப்படியில், இடையிலே படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்குப் பணிவிடை. இவ்வளவையும் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, பெற்ற மகன் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறான்! களைத்தவள் கொடுமை செய்தால் அது சரியாகிவிடாது. ஆனால் தாயைக் காக்கும் கடமை யாருடையது என்று சட்டத்தைக் கேளுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அந்தக் கடமையை மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி மீது வைக்கிறது. மருமகளை அந்தப் பட்டியலிலே காணோம்! ஊர் மருமகளைச் சுட்டுகிறது, சட்டம் மகனைச் சுட்டுகிறது. எது நேர்மை?

மாமியாரைக் காட்டி மருமகளைத் தெருவில் தள்ளவும் இந்தச் சட்டத்தைக் கருவியாக்கக் கூடாது. பெங்களூரிலிருந்து போன ஒரு வழக்கிலே 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. முதியோர் சட்டத்தின் பெயரால், மருமகள் வாழும் வீட்டில் அவளுக்குள்ள உரிமையை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது என்றது. ஒரு பெண்ணைக் காக்க இன்னொரு பெண்ணைப் பலியிடுவது நீதி அல்ல.

"பேச நன்றாகத்தான் இருக்கிறது. பாவு வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. எங்களுக்கே கஞ்சி இல்லை, தாய்க்கு எங்கே போவது?" என்று நெசவாளத் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக் கழிக்க மாட்டோம். முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கியது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆயிற்று. மருந்துக்கும் மாவுக்கும் அந்தப் பணம் எந்த மூலைக்கு? அதை உயர்த்தக் கேட்போம், படுக்கையில் கிடப்போரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் உதவியாளர் வேண்டும் என்று கேட்போம், உரத்த குரலில் கேட்போம். ஆனால் ஒன்று சொல்கிறோம். பானை காலியாக இருப்பதற்கு வறுமை காரணம். கை ஓங்குவதற்கு வறுமையா காரணம்? முதலாளியிடம் கூலி குறைந்தபோது முதலாளியை அடித்தோமா? இல்லையே! வீட்டில் இருக்கும் எலும்புக்கூட்டைத்தானே அடிக்கிறோம்? அப்படியானால் அது வறுமையின் கோபம் அல்ல, வலிமையின் திமிர்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வராத தாய்மார்களுக்கும் சொல்லுங்கள்.

மக்கள் காப்பாற்றவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் பராமரிப்புத் தொகை கேட்கலாம். விசாரிப்பது தீர்ப்பாயம். அதன் தலைவர் வருவாய்க் கோட்டாட்சியர். பொதட்டூர்பேட்டைத் தாய் சென்னைக்கு ஓட வேண்டாம், திருத்தணிக்குப் போனால் போதும். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாயால் நடக்க முடியாவிட்டால், அவர் ஒப்புதலோடு இன்னொருவர் மனுக் கொடுக்கலாம். அந்த இன்னொருவர் நீங்களாக ஏன் இருக்கக் கூடாது? 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள் என்கிறது சட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க அது இடம் தருகிறது. முதியவரைக் கைவிட்டு ஓடினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

சொத்து எழுதிக் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "என்னைக் கடைசி வரை காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, பெற்றவன் காப்பாற்றத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கச் செய்யலாம். அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு அந்தப் பிரிவு துணை வராது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல், இந்தச் சட்டத்தை முதியோருக்கு நன்மை தரும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், வீட்டைத் திருப்பி ஒப்படைக்கத் தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்றும் அந்த நீதிமன்றமே சொன்னது. ஆகவே பத்திரம் எழுதுபவரிடம் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுத வையுங்கள். "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று வெட்கப்பட வேண்டாம். நல்ல பிள்ளைக்கு அந்த வரி பாரம் அல்ல. கெட்ட பிள்ளைக்கு அது கடிவாளம்.

பெண்களுக்கு இன்னொரு காப்பும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். மனைவிக்கு மட்டும் உரிய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தாயும் அதன்படி மகன் மீது முறையிடலாம். ஏச்சும், பணப் பறிப்பும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் வன்முறையே. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களும் கிளை அலுவலகச் சுவரிலே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை என்று சட்டம் செய்தது. மற்ற பகுதிகளுக்கும் அது 2005-இல் போய்ச் சேர்ந்தது. பெயரில் சொத்து உள்ளவளை ஊர் மதிக்கும் என்று முன்னோர்கள் கண்டார்கள். ஆனால் சட்டம் வாசற்படி வரைதான் வரும். அதற்கு உள்ளே அதை அழைத்துக்கொண்டு போக வேண்டியவர்கள் நாம்.

தெருவிலே சுயமரியாதை, வீட்டிலே சர்வாதிகாரம் என்றால், தெருவில் பேசியது பொய். தோளில் துண்டு போட்டுக்கொண்டு மேலதிகாரி முன் நிமிர்ந்து நிற்கிறோமே, அந்த நிமிர்வு நம் தாய்க்கும் மனைவிக்கும் நம் வீட்டிலே உண்டா? தீண்டாமையைக்கூட ஒரு காலத்தில் "ஊர் வழக்கம்" என்றார்கள். கேட்டோம், மாற்றினோம், இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். "வீட்டு விவகாரம்" என்பதும் அதே வகைப் பூட்டுத்தான்.

எல்லைக்குப் போராடிய மண் அது. மாநிலத்தின் எல்லையைக்கூட மாற்றி வரைய முடிந்தது. வாசற்படி மட்டும் மாற்ற முடியாத எல்லையா? அதற்கு உள்ளே தனி அரசு நடக்கிறதா?

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், தோழரே, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். "சாப்பிட்டாயா அம்மா?" அதற்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் உங்கள் வீடு நல்ல வீடு. பதில் சொல்லுமுன் அவர் கண் அறையைச் சுற்றிப் பார்த்தால், யாரைத் தேடிற்று அந்தக் கண் என்று எண்ணிப் பாருங்கள். நாளைக்கு அடுத்த வீட்டில் விம்மல் கேட்டால், தறியை நிறுத்துங்கள். எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்.